பூட்டுக் கட்டளை

சித்ராவுக்கும் சிவப்பிரகாஷுக்கும் சண்டை வந்தது ஒரு பட்டனுக்காக. கேட்டால் சிரிப்புதான் வரும். அந்தப் பட்டன் வேலை செய்தால்தான் தன் கை தனக்கு மிஞ்சும் என்று அவள் நினைத்தாள். அது வேலை செய்தால் தன் வேலை கெட்டுப்போகும் என்று அவன் நினைத்தான். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை.

மலையாள எல்லையோரக் கஞ்சிக்கோட்டில் அவர்கள் வேலை செய்கிற கம்பெனி யானைவேலிக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி செய்கிறது. காட்டோரத் தோட்டங்களில் கம்பி கட்டி, அந்தக் கம்பியில் விட்டு விட்டு ஷாக் அடிக்க வைக்கிற பெட்டி. வெளியே போகுமுன் ஒவ்வொரு பெட்டியும் டெஸ்ட் ரூமுக்கு வரும். அங்கே மேசைமேல் ஒரு ஹைவோல்டேஜ் மெஷின் இருக்கிறது. எங்கேயோ செகண்ட் ஹாண்டில் வாங்கியது. அதிலிருந்து ஒரு சிவப்பு கிளிப்பும் ஒரு கறுப்பு கிளிப்பும் தொங்கும். கறுப்பைப் பெட்டியின் தகரத்தில் மாட்ட வேண்டும், சிவப்பை மேலே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டில் மாட்ட வேண்டும். மெஷின் மூவாயிரம் வோல்ட் கொடுக்கும். எங்காவது கரண்ட் கசிந்தால் பெட்டி ரிஜெக்ட்.

கிளிப் மாட்டுவது சித்ராவின் வேலை. மெஷினை ஓட்டுவது சிவப்பிரகாஷ். அவன் அந்த ரூமிலேயே இல்லை என்பதுதான் விஷயம். அவன் இருப்பது குமுளி பிராஞ்சில். ஏலத்தோட்டக்காரர்களிடம் ஆர்டர் பிடிப்பதற்காக முதலாளி மோகனசுந்தரம் தன் அக்கா மகனை அங்கே போட்டிருந்தார். அவன் லேப்டாப்பிலிருந்து ஒரு வரி அடித்தால் இங்கே கஞ்சிக்கோட்டில் மெஷின் கேட்கும்.

அந்த மெஷினிடம் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. முதல் வரி *IDN? என்று போகும். நீ யார் என்று அர்த்தம். மெஷின் தன் பெயரையும் நம்பரையும் சொல்லும். கடைசியில் கேள்விக்குறி இருந்தால்தான் அது பதில் சொல்லும். கேள்விக்குறி இல்லாத வரிக்குப் பதில் கிடையாது, சரி என்றுகூடச் சொல்லாது. சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கும். இரண்டாவது வரி SYST:RWL. அதுதான் பூட்டு. அது போனதும் மெஷினின் முகப்பில் இருக்கிற எல்லாப் பட்டனும் செத்துவிடும். பக்கத்தில் நிற்கிற ஆள் மெஷினைத் தன் கைக்குத் திருப்பிக்கொள்ள 'லோக்கல்' என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதுவும் சேர்ந்து செத்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு வோல்ட் என்று ஒரு வரி. கடைசியாக OUTP ON. அவ்வளவுதான், கரண்ட் வந்துவிடும்.

சித்ரா வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலைக்கென்று இங்கே வந்து, லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டிலும் ஒரு பக்கெட்டுமாக இருக்கிறாள். கம்பெனியில் அவளுக்குப் பெயர் 'எஸ்டேட்காரி'. முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவள் சிவப்பு கிளிப்பைப் போல்ட்டில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே அவுட்புட் வந்துவிட்டது. தோள்வரைக்கும் யாரோ உலக்கையால் அடித்ததுபோல இருந்தது. கீழே விழுந்து எழுந்து பார்த்தால் இரண்டு விரல் நுனியும் வெந்து வெளுத்திருந்தன. போனில் சிவப்பிரகாஷின் மெசேஜ் வந்து கிடந்தது: 'லீக்கேஜ் ஜாஸ்தி. இந்தப் பெட்டி ரிஜெக்ட். அடுத்தது மாட்டு.'

அவள் கை பட்டதைத்தான் அவன் லேப்டாப் லீக்கேஜ் என்று காட்டியிருந்தது.

அவள் உடனே கூப்பிட்டாள். "சார், ஏங்கையி பொசுங்கிப்போச்சு. கையி வச்சிருக்கேன்ல, கேக்காம எப்பிடி ஆன் பண்ணுவீக?"

"மெசேஜ் போட்டனே புள்ள, ரெடியான்னு."

"ரெண்டு கையிலயும் கிளிப்பப் பிடிச்சுக்கிட்டு மெசேஜ எப்பிடி சார் பாக்க?"

"சேரி, இனிமே பாத்து மாட்டு."

"அந்தப் பூட்டுற வரிய எடுத்துருங்க சார். பட்டன் வேல செஞ்சா வரி வாரதப் பாத்ததுமே நான் லோக்கல அமுக்கிருவேன். ஏதாவதுன்னா நானே நிப்பாட்டிருவேன்."

"அதெல்லாம் எடுக்க முடியாது."

அவன் பக்கமும் காரணம் இல்லாமல் இல்லை. முன்பு பட்டன்கள் உயிரோடு இருந்த காலத்தில், இருந்த ஆட்கள் டெஸ்ட் பாதியில் லோக்கலை அமுக்கி, வோல்ட்டைக் குறைத்து, ஊத்திக்கொள்ள வேண்டிய பெட்டிகளை எல்லாம் பாஸ் ஆக்கிவிட்டார்கள். ஆனைக்கரையில் ஒரு தோட்டத்தில் அப்படிப் போன பெட்டி புகைந்து, தோட்டக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து சிவப்பிரகாஷின் மேசைமேல் போட்டுவிட்டுக் கெட்ட வார்த்தையில் பேசிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அவன் பூட்டைப் போட்டான். இங்கே நிற்கிறவர்கள் எல்லாம் கள்ளர்கள் என்பது அவன் முடிவு. சித்ரா அப்போது வேலைக்கே சேரவில்லை.

"நான் போன் பண்ணுதேன், பண்ணினப்பறம் ஓட்டுங்க சார்."

"ஒவ்வொரு பெட்டிக்கும் நீ போன் பண்ணி, நா எடுத்து, கொஞ்சிக் கொஞ்சிப் பேசிட்டு இருக்கோணுமா? வேற வேல இல்லியா எனக்கு?"

"அப்ப நெட் கேபிளப் பிடுங்கிட்டு மாட்டுதேன்."

அவன் சிரித்தான். "புடுங்கிப் பாரு."

அவள் பிடுங்கியும் பார்த்தாள். கேபிளைப் பிடுங்கினால் புது வரி எதுவும் வராது, அவ்வளவுதான். கடைசியாக என்ன சொன்னார்களோ அதையே மெஷின் செய்துகொண்டிருக்கும். ஆன் என்றிருந்தால் ஆன்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் பிடுங்கி மாட்டியதில் அவனுடைய புரோகிராம் அடிக்கடி நின்றுபோனது. முதலாளியிடம் புகார் போனது. மோகனசுந்தரம் அவளைக் கூப்பிட்டு, "கேபிளயோ சுவிட்சயோ தொட்டின்னா கேட்டுக்கு வெளிய நிப்ப அம்மிணி" என்றார். அதற்குப் பிறகு அவள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு கையாலேயே மாட்டப் பழகினாள்.

ஊரில் அம்மா சுருளியம்மாள் கொழுந்து பறிக்கிறாள். போனில், "கையிக்கு மருந்து போட்டியாடி?" என்று கேட்பாள். "ஆறிருச்சும்மா" என்பாள் இவள். வேறு என்ன சொல்வது?

ஆயுதபூஜை வந்தது.

கஞ்சிக்கோடு இரண்டுங்கெட்டான் ஊர். மலையாளத்துக்காரர்கள் அஷ்டமி சாயங்காலமே ஆயுதங்களைப் பூஜைக்கு வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு தசமி காலைவரைக்கும் தொடமாட்டார்கள். தமிழ்க்காரர்களுக்கு நவமி அன்றைக்குத்தான் பூஜை. அன்று காலையில்தான் துடைப்பது, கழுவுவது, சந்தனம் வைப்பது எல்லாம். கம்பெனியில் மலையாளிகள் அதிகம் என்பதால் போன வருஷம்வரை அஷ்டமி சாயங்காலமே வைத்துப் பூட்டிவிடுவார்கள். இந்த வருஷம் முதலாளியின் சம்சாரம் செல்லாத்தாள், "நம்ம மொறப்படி பண்ணுலீன்னா பண்ணவே வேண்டாமுங்க" என்று ஒரே பிடியாக நின்றாள். மோகனசுந்தரம் நவமி என்று மாற்றினார். கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். குமுளிக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அஷ்டமி அன்று சாயங்காலம் சிவப்பிரகாஷிடமிருந்து மெசேஜ் வந்தது: 'ஒரு பெட்டிய கிளிப் மாட்டி அப்பிடியே வெச்சுட்டுப் போ.' அவள் மாட்டினாள். 'எப்ப சார் ஓட்டுவீங்க?' என்று கேட்டாள். அவன் பார்த்தான். பதில் போடவில்லை. பூஜை முடிந்த பிறகு ஓட்டுவான்போல என்று நினைத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனாள்.

நவமி காலையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டெஸ்ட் ரூமைக் கழுவித் துடைத்தார்கள். மெஷின் செத்துக் கிடக்கும்போது பூஜை செய்யக் கூடாது, அதிலிருக்கிற விளக்கு எரிய வேண்டும் என்பது முதலாளியின் பழக்கம். அதனால் எல்லாவற்றையும் மறுபடி ஆன் செய்துவைத்தார்கள். அலங்காரத்துக்கு ஜோபி இரண்டு வாழைக்கன்றை வெட்டிக்கொண்டு வந்து சுவரோரம் கட்டினான். அதில் ஒன்று சுவிட்ச்போர்டை அப்படியே மறைத்துக்கொண்டு நின்றது. ஜோபி அசெம்பிளியில் வேலை செய்கிறவன், அடிமாலிக்காரன்.

"சுவிட்ச் மறைக்குது ஜோபி," என்றாள் சித்ரா.

"பூஜை கழிஞ்சா எடுத்துரலாம் சேச்சி. இப்ப மாத்தினா முதலாளிச்சி என்னைக் கொன்னுருவாங்க."

செல்லாத்தாள் பட்டுச்சேலையும் குங்குமத் தட்டுமாக வந்தாள். சித்ரா ஈரத்துணியோடு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விளக்குத் திரி கொஞ்சம் சாய்ந்திருந்ததைச் சரிசெய்யக் கையை நீட்டினாள்.

"வெளக்கத் தொடாத," என்றாள் செல்லாத்தாள். "தொடச்சது போதும். அக்கட்டால போயி நில்லு."

சித்ரா நகர்ந்து மெஷின் பக்கத்தில் நின்றாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஏன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். காது மட்டும் சுட்டது.

செல்லாத்தாள் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். கம்ப்யூட்டருக்கு, டிரில்லுக்கு, தராசுக்கு. அப்புறம் கிளிப் மாட்டியிருந்த பெட்டிக்கு வந்தாள். பெட்டிக்கு நெற்றி என்று பார்த்தால் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற அந்தப் போல்ட்தான்.

அப்போது மெஷினின் திரை ஓரத்தில் 'ரிமோட்' என்ற சின்ன எழுத்து எரிந்ததைச் சித்ரா பார்த்தாள்.

முதல் வரி வந்துவிட்டது. நீ யார் என்று கேட்டாகிவிட்டது. அடுத்து பூட்டுச் சின்னம் எரிந்தது.

"தொடாதீக!" என்று கத்தினாள்.

செல்லாத்தாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஸ்டேட்காரி தனக்குச் சொல்கிறாளா என்கிற மாதிரி உதட்டைச் சுழித்துக்கொண்டு விரலை நீட்டினாள். சித்ரா லோக்கலை அமுக்கினாள். ஒன்றுமில்லை. கரண்டை நிறுத்துகிற அவுட்புட் பட்டனை அமுக்கினாள். ஒன்றுமில்லை. மெஷினுக்குள் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே 'டக்' என்று விழுந்தது.

சித்ரா இரண்டு கையாலும் செல்லாத்தாளைத் தள்ளிவிட்டாள்.

தட்டு பறந்தது. குங்குமம் முதலாளியின் வெள்ளைச் சட்டைமேல் கொட்டியது. செல்லாத்தாள் பொரிமூட்டைமேல் போய் விழுந்தாள். திரையில் எண் ஓடி ஏறி மூவாயிரத்தில் நின்றது. தள்ளியதில் பாதி பயம், பாதி விளக்குக் கோபம் என்பது சித்ராவுக்கே தெரிந்துதான் இருந்தது. கையைப் பிடித்து இழுத்திருந்தாலும் போதும்.

"ஏய்!" என்றார் மோகனசுந்தரம். "என்ற சம்சாரத்து மேலயே கை வெக்கறயா?"

"பெட்டியில கரண்ட் இருக்கு! யாரும் கிட்டப் போகாதீக! ஜோபி, சுவிட்சு!"

ஜோபிக்குத்தான் முதலில் புரிந்தது. வாழைக்கன்றைக் கட்டோடு பிடுங்கிப் போட்டுவிட்டுச் சுவிட்சை அடித்தான். திரை அணைந்தது.

செல்லாத்தாள் எழுந்து உட்கார்ந்து முழங்கையைப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது. "பூஜத் தட்டத் தட்டி உட்டுட்டா பாருங்க. வருசம் விடியுமா இனி?" என்று அழ ஆரம்பித்தாள்.

மோகனசுந்தரம் குமுளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ஏன்டா, மெசின ஆன் பண்ணுனியா நீ?"

"ஆமாங்க மாமா. ஆனைக்கர ஆளு அவசரம்னு நிக்கறானுங்க. ஏனுங்க?"

"பூஜ நடக்குதுடா இங்க! உன்ற அத்த கை வெக்கப் போனா அதுல!"

"நேத்தே வெச்சுப் பூட்டியிருப்பீங்கன்னு நெனச்சனுங்க மாமா. இங்க குமுளியில அஷ்டமியே எல்லாரும் வெச்சுட்டாங்க. உள்ள ஆருமில்லீன்னுதான்... பூஜைக்கு வெச்சத ஆரும் கையில தொடக் கூடாது, நா இங்கிருந்து ஓட்டுனா தொட்ட மாதிரி ஆகாதுல்லீங்க." உடனே, "கிளிப் மாட்டி வெச்சவ அவதானுங்களே? கழட்டியிருக்கலாமில்ல?" என்றான்.

"மாட்டச் சொன்னது நீங்கதான் சார்," என்றாள் சித்ரா போனைப் பார்த்து. "எப்ப ஓட்டுவீகன்னும் கேட்டேன். கேட்டதுக்கு ஒரு வார்த்த பதில் போட்டீகளா? பட்டன் வேல செஞ்சிருந்தா நான் யாரையும் தள்ளியிருக்க வேண்டாம்."

"பாத்தீங்களா மாமா, எப்புடிப் பேசறான்னு?"

மோகனசுந்தரம் போனை வைத்தார். சட்டையிலிருந்த குங்குமத்தைத் தட்டினார். அது இன்னும் பரவியது. "என்னவா இருந்தாலும் தள்ளுனது தப்பு. அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு."

"தள்ளினதுக்குக் கேக்கேன்." செல்லாத்தாளைப் பார்த்து, "மன்னிச்சுருங்கம்மா" என்றாள். குரலில் ஈரம் இல்லை. செல்லாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆனா அந்தப் பூட்டுற வரி இருக்க வரைக்கும் நான் கிளிப்பத் தொட மாட்டேன் சார்."

"வேற ஆளு தொடுவான்."

"தொடச் சொல்லுங்க."

மோகனசுந்தரம் ஜோபியைப் பார்த்தார். ஜோபி உதிர்ந்த வாழையிலைகளைக் குனிந்து பொறுக்கினான். "என்னைக்கொண்டு பற்றில்ல சார், முடியாது. எனக்குக் கொச்சுக்குழந்தை இருக்கு வீட்ல."

தசமி காலையில் நல்ல நேரத்தில் முதல் பெட்டியை ஓட்டிவிட வேண்டும் என்பது அந்தக் கம்பெனியில் விடாத வழக்கம். முதல் பெட்டி ஓடினால்தான் வருஷம் ஓடும். சிவப்பிரகாஷ் குமுளியிலிருந்து கம்பம் இறங்கி, பஸ் மாறி மாறிக் கசங்கிப்போய் வந்து சேர்ந்தான். மாமா கூப்பிட்டார் என்பதால் வந்தான், முகத்திலேயே தெரிந்தது.

"எங்க அவ?"

"இங்கதான் சார் இருக்கேன்."

"பட்டன உயிரோட உட்டா நாளைக்கே பழையபடி வோல்ட்டக் கொறச்சுப் பாஸ் பண்ணுவீங்க. ஆனைக்கரையில திட்டு வாங்கறது நீயா, நானா?"

"பாஸ் பண்ணினவங்க போயிட்டாங்க. நான் அந்தக் கள்ளி இல்ல."

"உன்னய எப்புடி நம்பறது?"

"நான் மட்டும் உங்கள எப்பிடி நம்ப? என் கையி பட்டத லீக்கேஜ்ன்னு போட்டீகள்ல."

"அது புரோகிராம் போட்டது."

"புரோகிராம யார் எழுதுனா?"

மோகனசுந்தரம் வாட்ச்சைப் பார்த்தார். "சண்டைய அப்பறம் வெச்சுக்கங்க. நேரம் வந்துருச்சு. மொத பெட்டிய ஓட்டுங்க."

சித்ரா மேசைக்குப் போனாள். கிளிப் பக்கம் போகவில்லை. சிவப்பிரகாஷ் திறந்துவைத்திருந்த லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன பண்ற?"

"ஓட்டுதேன் சார். உங்க புரோகிராம்தான். ஒரு வரியும் மாத்தல." அவள் சிவப்பு கிளிப்பைக் கண்ணால் காட்டினாள். "நீங்க மாட்டுங்க. நான் ரெடியான்னு மெசேஜ் போடுதேன். போன் எங்க, பாக்கெட்லயா? இருக்கட்டும்."

சிவப்பிரகாஷ் மாமாவைப் பார்த்தான். மாமா, "மாட்டுடா, நேரமாகுது" என்றார். அவருக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. சிவப்பிரகாஷ் கிளிப்பை எடுத்தான். போல்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். சித்ராவின் விரல் என்டர் பட்டன்மேல் இருந்தது. அவள் அமுக்கவில்லை. அமுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போல்ட்டுக்கும் கிளிப்புக்கும் நடுவில் அவன் கை நின்றது. மேல்உதட்டில் வேர்த்திருந்தது.

"கையெடு அதுலிருந்து," என்றான்.

"ஏன் சார்? பாத்து மாட்டுங்க."

"எடுடி கைய!"

"டி போடாதீக. மாட்டுங்க."

அவன் கிளிப்பைத் தூக்கி மேசைமேல் எறிந்தான். அவள் எழுந்து நாற்காலியை விட்டாள். அவன் உட்கார்ந்து, பற்களைக் கடித்துக்கொண்டு, அந்த வரியைத் தேடி அழித்தான். "போச்சு. போதுமா? ஆனா மாமா, ஒண்ணு சொல்லீட்டேன். இவ இந்த ரூம்ல இருக்கக் கூடாது. இருந்தா நா கெடையாது."

மோகனசுந்தரம் கொஞ்சம் யோசித்தார். அக்கா மகனையும் பார்த்தார், இவளையும் பார்த்தார். யோசிக்க அதிகம் இல்லை. "அம்மிணி, நீ நாளையிலிருந்து பேக்கிங்குக்குப் போயிரு. இங்க ஜோபி மாட்டட்டும். இனிமே பட்டன் இருக்குதில்ல, ஏன் ஜோபி?"

ஜோபி சித்ராவைப் பார்த்தான். "சேச்சி சொன்னா மாட்டறேன் சார்."

பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. படித்த படிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சித்ரா மூக்கை ஒருதரம் உறிஞ்சிக்கொண்டாள்.

"போறேன் சார். வேல செய்யுதான்னு பாத்துட்டுப் போறேன்." கிளிப் இரண்டையும் எடுத்து ஒன்றையொன்று தொடாமல் மேசை விளிம்பில் தொங்கவிட்டாள். பெட்டியைத் தள்ளிவைத்தாள். "அனுப்புங்க."

அவன் அனுப்பினான். ரிமோட் எரிந்தது. பூட்டு எரியவில்லை. ரிலே விழுந்து எண் ஏறியது. அவள் லோக்கலை அமுக்கினாள், பிறகு அவுட்புட்டை. எண் பூஜ்யத்துக்கு இறங்கியது.

"ஆச்சில்ல?" என்றார் மோகனசுந்தரம். "ஜோபி, பெட்டிய வெய்யி."

"இன்னொருக்கா அனுப்புங்க சார்," என்றாள் சித்ரா. "இந்தவாட்டி எண்ணு ஏறிக்கிட்டு இருக்கயிலேயே நிப்பாட்டிப் பாக்கணும்."

"நல்ல நேரம் முடியப் போகுது அம்மிணி!" என்றார் மோகனசுந்தரம்.

"முடியட்டும் சார்."

சிவப்பிரகாஷ் அவளை அடித்துவிடுவதுபோலப் பார்த்தான். வேறு வழியில்லாமல் அனுப்பினான். பாதியில் நின்றது. அவள் மறுபடி கேட்டாள். அப்புறம் கேபிளைப் பிடுங்கிவிட்டு நிறுத்திப் பார்த்தாள், அதிலும் நின்றது. கேபிளைத் திருப்பிச் சொருகினாள். வாசலில் செல்லாத்தாள் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, "நேரம் போயிருச்சுங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"வா ஜோபி," என்றாள் சித்ரா. "இங்க நில்லு. மொதல்ல இத அமுக்கு. அப்பறம் இது. நான் அமுக்கிக் காட்ட வேண்டாம், உன் கையிலயே அமுக்கு." சிவப்பிரகாஷ் பக்கம் திரும்பாமலே, "அனுப்புங்க சார்" என்றாள்.